2,22,222 அவுட்புட்டுக்கு மூன்று பைட் அதிகம்: டிசீரியலைஸ் செய்யும்போது மெமரி வரம்பைச் சோதிப்பது எப்படி?

சங்கிலிக்கண்ணி:

ஸீகேஷ் என்ற கிரிப்டோகரன்சியின் நெட்வொர்க் மெசேஜ்களைப் படிக்க ரஸ்ட் மொழியில் ஒரு பார்சர் (வரும் பைட்டுகளை டிசீரியலைஸ் செய்து, அதாவது மெமரியில் பொருள்களாக மாற்றித் தரும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸீப்ரா என்ற ஸீகேஷ் நோட் மென்பொருளில் உள்ள "டிரஸ்டட் பிரீஅலோகேட்" முறையையே பின்பற்றுகிறேன். வெக்டரில் (நீளம் மாறக்கூடிய பட்டியல்) வரக்கூடிய ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கும். எண்ணிக்கை எதைத் தாண்டினால் மெமரி ஒதுக்கக்கூடாது என்பதை அது சொல்லும். கணக்கு எளிது: எல்லையில் ஒன்றைக் கழித்து, அந்த வகை சீரியலைஸ் ஆனால் (அனுப்புவதற்கான பைட் வரிசையாக எழுதப்பட்டால்) பிடிக்கும் குறைந்தபட்ச பைட்டால் வகுக்க வேண்டும். மெசேஜில் நேரடியாக வருபவற்றுக்கு எல்லை 20,97,152 பைட். பிளாக்குக்குள் மட்டுமே வருபவற்றுக்கு 20,00,000.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று அசெர்ட் (டெஸ்டில் நிறைவேற வேண்டிய நிபந்தனை) வைத்திருக்கிறேன். முதலாவது, ஒரு பொருளை சீரியலைஸ் செய்தால் நான் எழுதிவைத்த குறைந்தபட்ச அளவு வருகிறதா. இரண்டாவது, வரம்பைவிட ஒன்று கூடுதலாக வைத்து வெக்டர் கட்டினால் அது எல்லையைத் தாண்டுகிறதா. மூன்றாவது, அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் எல்லைக்குள் அடங்குகிறதா.

பிளாக் ஹேஷ் 32 பைட், வரம்பு 65,535. மூன்றும் பாஸ். டிரான்சாக்ஷனின் டிரான்ஸ்பரன்ட் (மறைக்கப்படாத) இன்புட் 41 பைட், வரம்பு 48,780. அதுவும் பாஸ். டிரான்ஸ்பரன்ட் அவுட்புட்தான் இடிக்கிறது. 9 பைட், வரம்பு 2,22,222. ஆனால் அத்தனை அவுட்புட்டை சீரியலைஸ் செய்தால் 20,00,003 பைட் வருகிறது. மூன்றாவது அசெர்ட் மூன்று பைட்டில் விழுகிறது.

தப்பு கணக்கிலா, டெஸ்டிலா? இன்னொரு கேள்வி: இந்த மூன்று அசெர்ட்டும் பாஸ் ஆனால் மெமரி விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாமா?

---

எல்லைச்சாமி:

அந்த மூன்று பைட் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். வெக்டருக்கு முன்னால் வரும் எண்ணிக்கை காம்பாக்ட்சைஸ் முறையில் எழுதப்படுகிறது. 253-க்குக் கீழே இருந்தால் 1 பைட், 65,535 வரை 3 பைட், 32 பிட்டுக்குள் அடங்கினால் 5 பைட், அதற்கும் மேல் 9 பைட். நீங்கள் கழிக்கும் "ஒன்று", எண்ணிக்கைக்கு ஒரு பைட்டாவது வேண்டும் என்பதற்காக. 2,22,222 என்ற எண்ணை எழுத 5 பைட் ஆகும். 19,99,998 + 5 = 20,00,003.

கணக்கில் தப்பில்லை. உங்கள் இரண்டாவது அசெர்ட்டும் மூன்றாவது அசெர்ட்டும் ஒரே விஷயத்தைச் சோதிக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். வரம்பைத் தாண்டிய எதுவும் செல்லுபடியாகும் பிளாக்கில் இருக்கவே முடியாது என்று இரண்டாவது காட்டுகிறது. அது விழுந்தால் நல்ல பிளாக்கைத் தூக்கி எறிகிறீர்கள், சங்கிலியிலிருந்து பிரிந்துபோவீர்கள். மூன்றாவது, வரம்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. அது மூன்று பைட்டில் விழுந்தால் இழப்பு, யாரோ பொய்யாக அனுப்பும் எண்ணிக்கைக்கு ஒரே ஓர் அவுட்புட்டுக்கான இடம் கூடுதலாக ஒதுக்குவீர்கள் என்பது மட்டுமே.

ஆகவே மூன்றாவதைத் தளர்த்துங்கள்: எல்லை + 8 பைட்டுக்குள் இருந்தால் போதும். காம்பாக்ட்சைஸ் 9 பைட்டுக்கு மேல் போகாது, அதில் ஒன்றை ஏற்கெனவே கழித்துவிட்டோம்.

"ஒன்றுக்குப் பதில் ஐந்தைக் கழித்தால் எல்லாம் பாஸ் ஆகுமே" என்று தோன்றும். அவுட்புட்டுக்கு ஆகும்; வரம்பு 2,22,221 ஆகி மூன்றாவதும் நிறைவேறும். ஆனால் அதைப் பொதுவிதியாக வைக்காதீர்கள். 16,513 பைட் பிடிக்கும் ஒரு வகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 127 × 16,513 = 20,97,151. எண்ணிக்கை 127 என்பதால் முன்னால் 1 பைட் போதும். மொத்தம் 20,97,152, மெசேஜ் எல்லைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஐந்தைக் கழித்திருந்தால் வரம்பு 126 ஆகி, சட்டப்படி சரியான ஒரு மெசேஜை மறுத்திருப்பீர்கள். ஒன்றைக் கழிப்பது எந்த வகைக்கும் ஆபத்தில்லை.

---

கோர்வாசகன்:

இவ்வளவு பாடு எதுக்குன்னு கேக்கறேன். ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண், அதுக்கு மூணு டெஸ்ட், நாளைக்கு புது டிரான்சாக்ஷன் வெர்ஷன் வந்தா எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும். பிட்காயினோட நோட் மென்பொருளான பிட்காயின் கோர்ல இந்த அட்டவணையே கிடையாது.

அங்க நடக்கிறது இதுதான். காம்பாக்ட்சைஸ் படிக்கும்போதே 3,35,54,432-க்கு மேல இருந்தா, அதாவது 32 மெபிபைட், தூக்கி எறிஞ்சிடும். சுருக்கமா எழுதக்கூடிய எண்ணை நீட்டி எழுதியிருந்தாலும் எறியும். அதுக்கப்புறம் வெக்டருக்கு மொத்தமா இடம் ஒதுக்காது; ஒரு தடவைக்கு 50,00,000 பைட் அளவுக்குத்தான். அதுல உள்ளதைப் படிச்சு முடிச்சாத்தான் அடுத்த 50 லட்சம். எதிராளி எவ்வளவு பைட்டை உண்மையிலேயே அனுப்பறானோ, அதோட இந்த ஒரு தவணை மட்டும்தான் கூடுதலா போகும். எந்த வகையோட குறைந்தபட்ச அளவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை.

இதுக்கும் கீழ, சாக்கெட் பக்கத்திலயும் இதே யோசனைதான். பழைய வெர்ஷன் டிரான்ஸ்போர்ட்ல மெசேஜ் ஹெடர் 24 பைட்: நெட்வொர்க் அடையாளம் 4, கட்டளைப் பெயர் 12, நீளம் 4, செக்சம் 4. நீளம் 40,00,000-க்கு மேல இருந்தா பேலோடுக்கு ஒரு பைட் கூட ஒதுக்காம இணைப்பு துண்டிக்கப்படும். உள்ள இருந்தாலும் சொன்ன நீளத்துக்கு உடனே பஃபர் கிடைக்காது. வந்து சேர்ந்ததுக்கு மேல 256 கிபிபைட் மட்டும் முன்கூட்டியே. இந்த மெசேஜ் எல்லை ஒரு காலத்துல 32 மெபிபைட்டா இருந்தது. நிறைய பியர்கள் (இணைஞ்சிருக்கற மத்த நோட்கள்) சேர்ந்து பெரிய மெசேஜா அனுப்பினா நோட் மெமரி தீர்ந்து விழும்னு சிவிஇ-2015-3641 (பாதுகாப்புக் குறைக்கான பதிவு எண்) வந்தது. 0.10.1 வெர்ஷன்ல 2 மெபிபைட்டா குறைச்சாங்க, செக்விட்டுங்கற பிட்காயின் மாற்றத்துக்காக பிறகு 40 லட்சம் பைட் ஆச்சு.

---

எல்லைச்சாமி:

தவணை முறை நல்ல முறைதான். குறைந்தபட்ச அளவு சொல்ல முடியாத வகைகளுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அது பாதுகாப்பில் மேலானது என்று சொல்வதற்கு முன், ஒரே தாக்குதலை இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஸீகேஷ் பிளாக் மெசேஜ். ஹெடர் 1,487 பைட்: 140 பைட் புலங்கள், ஈக்விஹேஷ் (ஸீகேஷின் சுரங்கப் புதிர்) தீர்வின் நீளத்துக்கு 3, தீர்வு 1,344. அடுத்து டிரான்சாக்ஷன் எண்ணிக்கை 37,037 என்று ஒரு பொய், 3 பைட். முதல் டிரான்சாக்ஷனின் வெர்ஷன் 4 பைட், இன்புட் எண்ணிக்கை 1 பைட், ஓர் இன்புட் 41 பைட். அவுட்புட் எண்ணிக்கை 2,22,222 என்று அடுத்த பொய், 5 பைட். தொகை 8 பைட். ஸ்கிரிப்ட் நீளம் இருபது லட்சத்துச் சொச்சம் என்று மூன்றாவது பொய், 5 பைட். அங்கேயே மெசேஜ் முடிகிறது. மொத்தம் 1,554 பைட். செக்சம் சரியாகவே இருக்கும். அதைப் போடுவது எதிராளிதானே.

வகைவாரி வரம்பில் என்ன ஒதுக்கப்படும்? டிரான்சாக்ஷன் ஸ்ட்ரக்ட் 200 பைட் என்று வைத்தால் 37,037 × 200 = 74,07,400. அவுட்புட் ஒன்று மெமரியில் 32 பைட்: தொகைக்கு 8, ஸ்கிரிப்ட் வெக்டரின் தலைப்புக்கு 24. ஆகவே 71,11,104. ஸ்கிரிப்ட்டுக்கு அதிகபட்சம் 20,97,147. கூட்டினால் 1,66,15,651 பைட். 1,554 பைட் அனுப்பி இவ்வளவு.

கோர் முறையில் இதே வடிவத்துக்கு ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தவணை, மூன்று அடுக்குக்கு 1.5 கோடி பைட் வரை. கிட்டத்தட்ட ஒன்றுதான். தவணையை 50 லட்சத்திலிருந்து குறைத்தால் தவணை முறை ஜெயிக்கும். ரஸ்ட்-பிட்காயின் லைப்ரரி பைட் வரிசைகளை 128 கிபிபைட் துண்டுகளாகத்தான் வாசிக்கிறது. அதற்கான விலை, வெக்டர் வளரும்போதெல்லாம் மறுபடி ஒதுக்கி நகலெடுப்பது.

இரண்டு முறைக்கும் பொதுவான விஷயம்: அடுக்குகள் பெருக்கப்படுவதில்லை, கூட்டப்படுகின்றன. ஒரு நேரத்தில் ஓர் அடுக்கில் ஒரு வெக்டர்தான் பாதியில் நிற்கும்; படித்து முடித்தவை எல்லாம் தங்களுக்கான பைட்டைச் செலவழித்துவிட்டவை. சங்கிலிக்கண்ணியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. மூன்று அசெர்ட்டும் சீரியலைஸ் ஆன பைட்டை எண்ணுகின்றன. மெமரியை ஒன்றும் எண்ணவில்லை. அதற்குத் தனி டெஸ்ட் வேண்டும்.

---

கோர்வாசகன்:

1,554 பைட் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா பொய் எண்ணிக்கையை மட்டும் பார்த்தா போதாது, உண்மையான எண்ணிக்கையும் வீங்கும். பிட்காயின் விட்னஸ் (கையொப்பம் மாதிரி, செலவுக்கான சான்றுகள்) அடுக்கை எடுத்துக்கங்க. காலியான ஒரு விட்னஸ் உருப்படிக்கு நெட்வொர்க்கில் 1 பைட். அதே உருப்படி 64 பிட் மெஷின்ல ஒரு வெக்டர் தலைப்பு, 24 பைட். விட்னஸ் பைட்டுக்கு வெயிட் (பிளாக் அளவைக் கணக்கிடற அலகு, உச்சம் 40 லட்சம்) ஒன்றுதான், அதனால ஒரு பிளாக்ல நாற்பது லட்சத்தை நெருங்கற அளவுக்கு காலி உருப்படி வைக்கலாம். 9.6 கோடி பைட் மெமரி. இதுல பொய்யே இல்ல, எந்த வரம்பும் தடுக்காது, தடுக்கவும் கூடாது. இதுக்கு மேல வெக்டர் வளரும்போது பழைய இடமும் புது இடமும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கும், உச்சம் இன்னும் ஏறும்.

---

ஃபஸ்_பட்டறை:

அளக்கறது எப்படின்னு யாரும் சொல்லலையே. அதுலதான் நிறைய டெஸ்ட் பொய்யா பாஸ் ஆகுது.

டெஸ்ட் ஓடும்போது ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில பிடிச்சிருக்கற மெமரி) பார்த்து "மெமரி ஏறல"ன்னு முடிவு பண்ணாதீங்க. லினக்ஸ்ல பெரிய இடம் கேட்டா கர்னல் முகவரியை மட்டும்தான் கொடுக்கும். அந்தப் பக்கத்தைத் தொட்டு எழுதினாத்தான் உண்மையான மெமரி போகும். கேபாசிட்டி மட்டும் ஒதுக்கிட்டு அடுத்த வரியிலேயே "தரவு முடிஞ்சிடுச்சு"ன்னு பிழையோட திரும்பற பார்சர், 1,554 பைட் மெசேஜுக்கு ஆர்எஸ்எஸ்ல எதையும் காட்டாது. அதே கோட் கன்டெய்னர்லயோ ஓவர்கமிட் (இருக்கறதைவிட அதிக மெமரி தர ஒத்துக்கறது) மூடின சர்வர்லயோ வேற மாதிரி நடந்துக்கும்.

ரஸ்ட்ல சரியான வழி, எண்ணும் குளோபல் அலோகேட்டர். சிஸ்டம் அலோகேட்டரைச் சுத்தி ஒரு உறை எழுதி, இப்போ கையில இருக்கற பைட், இதுவரை போன உச்சம், ஒரே அழைப்புல கேட்ட மிகப்பெரிய அளவு, இந்த மூணையும் அட்டாமிக் எண்ணா வைங்க. ரீஅலோக் வந்தா பழைய அளவும் புது அளவும் ஒரு கணம் சேர்ந்து இருக்கும்னு கணக்கு போடுங்க. டெஸ்ட்ல மெசேஜ் பைட்டை முதல்லயே கட்டிடுங்க, பிறகு உச்சத்தை ரீசெட் பண்ணுங்க, பிறகு டிகோட். எழுத சோம்பலா இருந்தா டிஹாட்ங்கற ரஸ்ட் லைப்ரரியோட டெஸ்டிங் மோட் உச்ச பைட்டைக் கொடுக்கும்.

கார்கோ டெஸ்ட் ஒரே ப்ராசஸ்ல பல திரெட்டா ஓட்டும், உங்க எண்ணி எல்லா திரெட்டுக்கும் பொது. பக்கத்து டெஸ்ட் ஒதுக்கறது உங்க கணக்குல விழும். ஒரே திரெட்ல ஓட்டுங்க, இல்லன்னா ஒரு டெஸ்டுக்கு ஒரு ப்ராசஸ் தர்ற நெக்ஸ்ட்டெஸ்ட் போடுங்க. எப்பவாவது ஒரு தடவை காரணமில்லாம விழற மெமரி டெஸ்ட் இருந்தா முதல்ல இதைப் பாருங்க.

என்ன அசெர்ட் பண்ணணும்? ஒவ்வொரு வகைக்கும் வெக்டருக்கு முன்னால வரம்பு + 1 எழுதி, அதுக்கப்புறம் ஒண்ணுமே வைக்காம கொடுங்க. பிழை வரணும், "மிகப்பெரிய ஒற்றை ஒதுக்கீடு" பிழைச் செய்திக்கான சில நூறு பைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினா, ஒதுக்கிட்டு அப்புறம் சரிபார்க்கறீங்கன்னு அர்த்தம். அடுத்து வரம்பையே எழுதி, தரவு இல்லாம கொடுங்க. இப்பவும் பிழைதான், ஆனா உச்சம் வரம்பு × ஸ்ட்ரக்ட் அளவுக்குள்ள இருக்கணும். ஸ்ட்ரக்ட் அளவை சைஸ்-ஆஃப் வெச்சு எடுங்க, கையால எழுதாதீங்க. யாராவது ஸ்ட்ரக்ட்ல புது புலம் சேர்த்தா மெமரி வீங்கறது அப்போதான் தெரியும். அதுக்கு மேல "இந்த வகைக்கு மொத்தம் 80 லட்சம் பைட் தாண்டக்கூடாது" மாதிரி ஒரு நிலையான கூரையும் வைங்க, இல்லன்னா ஸ்ட்ரக்ட் வளர வளர டெஸ்டும் சேர்ந்தே வளர்ந்துட்டு சிரிச்சிக்கிட்டே பாஸ் ஆகும்.

எண்ணிக்கையோட விஷ மாதிரிகள் தனி. 255 பைட்டும் அதுக்கப்புறம் எட்டு 255-உம்: 64 பிட்டோட உச்ச எண். 254-உம் நாலு 255-உம்: 4,29,49,67,295. 253, 252, 0: ஒரு பைட்ல எழுத வேண்டிய 252-ஐ மூணு பைட்ல எழுதினது, மறுக்கணும். என் விருப்பம் 4,29,49,67,297. 64 பிட்ல படிச்சு 32 பிட்டுக்கு அப்படியே மாத்தினா அது 1 ஆயிடும். சரிபார்ப்பு மாத்தினதுக்கு அப்புறம் இருந்தா எந்த வரம்பும் அதைப் பிடிக்காது, ஒரு உருப்படி உள்ள நல்ல வெக்டர்னு நெனச்சு படிச்சிட்டுப் போகும். பிழையே வராது, அதுதான் ஆபத்து. 32 பிட் டார்கெட்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எண்ணிக்கை × அளவு பெருக்கல் வழியறதும் அங்கதான் தெரியும்.

ஃபஸ் (தற்செயல் உள்ளீடு கொடுத்துச் சோதிக்கறது) பண்றவங்களுக்கு: ஹெடரோட சேர்த்து ஃபஸ் பண்ணா செக்சம் கிட்டயே நின்னுடும். இரட்டை ஷா-256-ஓட முதல் நாலு பைட்டை ஃபஸ்ஸர் தற்செயலா கண்டுபிடிக்காது. பேலோடு டிகோடரை நேரடியா கூப்பிடுங்க, இல்லன்னா ஹார்னஸ்லயே செக்சம் போட்டுக் கொடுங்க. லிப்ஃபஸ்ஸர்ல ஆர்எஸ்எஸ் லிமிட் சொல்லாம விட்டா 2,048 மெகாபைட். இந்த வேலைக்கு அது ரொம்ப அதிகம். மாலாக் லிமிட்டை 16 மெகாபைட்டா வைங்க. ஒற்றை ஒதுக்கீடு அதைத் தாண்டின கணமே ஸ்டாக்கோட நிக்கும். ஆர்எஸ்எஸ் பிரச்சினை அதுக்கு இல்ல, ஏன்னா அது கேட்ட அளவைப் பார்க்குது, தொட்ட அளவை இல்ல.

---

கோ_குருவி:

எல்லாரும் வரம்பு பெரிசா இருந்தா என்ன ஆகும்னே பேசறீங்க. சின்னதா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு பிடிசிடிங்கற கோ மொழி பிட்காயின் நோட் நல்ல பாடம்.

2022 அக்டோபர்ல 998/999 மல்டிசிக் (999 சாவில 998 கையொப்பம் வேணும்) டாப்ஸ்கிரிப்ட் செலவு ஒண்ணு பிட்காயின் பிளாக்ல ஏறுச்சு. கோர் நோட்கள் சாதாரணமா ஏத்துக்கிச்சு. பிடிசிடியோட வயர் பேக்கேஜ்ல ஒரு விட்னஸ் உருப்படி 11,000 பைட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு மெமரி பாதுகாப்புக்காக வரம்பு இருந்தது. ஸ்கிரிப்ட் 10,000 பைட்ங்கற பழைய விதியை ஒட்டி வெச்சது. டாப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்த டாப்ரூட் மாற்றத்துல அந்த விதியே இல்ல. பிளாக்கை டிசீரியலைஸ் பண்ணவே முடியாம நோட் அந்த உயரத்துல நின்னுடுச்சு. பிட்காயின் மேல ஓடற லைட்னிங் நெட்வொர்க்குக்கான எல்என்டி மென்பொருளும் அதே பேக்கேஜ்தான் பயன்படுத்துது, அதனால பின்னால பிட்காயின் கோர் ஓட்டினவங்களோட லைட்னிங் நோடும் சங்கிலியைத் தொடர முடியாம நின்னுச்சு.

நவம்பர் முதல் தேதி அடுத்தது. ஒரு இன்புட்டுக்கு விட்னஸ் உருப்படி 5,00,000 வரைதான்னு இன்னொரு வரம்பு பக்கத்துலயே இருந்தது. யாரோ 5,00,001 உருப்படி வெச்சு ஒரு டிரான்சாக்ஷன் அனுப்பினாங்க. மறுபடி அதே கதை. இப்போ ரெண்டு வரம்பும் 40,00,000. அதாவது பிளாக்கோட உச்ச வெயிட். சிவிஇ-2022-44797 அக்டோபர் விவகாரத்துக்குத்தான்.

11,000, 5,00,000 ரெண்டுமே தப்பான அனுமானத்துல வெச்ச எண். எல்லைச்சாமி சொல்ற வகுத்தல் கணக்கைச் சரியான குறைந்தபட்ச அளவோடவும் எல்லையோடவும் போட்டிருந்தா இது வந்திருக்காது. காலி உருப்படிக்கு 1 பைட், எல்லை 40 லட்சம்னு போட்டாலே விடை வந்துடும். அதனால சங்கிலிக்கண்ணி, உங்க இரண்டாவது அசெர்ட்டை உயிர் மாதிரி வைங்க. அதோட நேர்மறை டெஸ்டும் வேணும்: வரம்பளவு உருப்படி உள்ள நிஜ வெக்டரைக் கட்டி, எழுதி, திரும்பப் படிச்சு, ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க. பெரும்பாலான கோட்ல "பெரிசை மறுக்கிறதா"ன்னு டெஸ்ட் இருக்கும், "பெரிசை ஏத்துக்கிறதா"ன்னு இருக்காது.

கோ எழுதறவங்களுக்கு ஒரு வரி: மேக் ஃபங்ஷனுக்கு அபத்தமான நீளம் கொடுத்தா வர்ற பேனிக்கை ரிகவர் பிடிக்கும், மெமரி உண்மையிலேயே தீர்ந்தா வர்ற பிழையை ரிகவர் பிடிக்காது, ப்ராசஸே போயிடும்.

---

ஃபஸ்_பட்டறை:

ரஸ்ட்லயும் அதே கதைதான். கேபாசிட்டி ஐசைஸ் உச்சத்தைத் தாண்டினா பேனிக். அதுக்குள்ள இருந்து ஒதுக்க முடியலன்னா அபார்ட், பிடிக்க வழியில்ல. ட்ரை-ரிசர்வ் 1.57-லயிருந்து நிலையா இருக்கு, பிழையா திரும்பும். ஆனா அதை வரம்புக்குப் பதிலா வைக்காதீங்க. ஓவர்கமிட் இருக்கற மெஷின்ல அது பெரும்பாலும் "சரி"ன்னுதான் சொல்லும்.

---

சங்கிலிக்கண்ணி:

நன்றி, டெஸ்ட்டை மூன்றாகப் பிரித்துவிட்டேன்: பைட் வரம்பு, மெமரி உச்சம், பெரிய வெக்டரை எழுதித் திரும்பப் படிப்பது.

இரண்டு இடம் இன்னும் குழப்பம். வெர்ஷன் 5 டிரான்சாக்ஷனில் சாப்ளிங் ஸ்பெண்ட் (ஸீகேஷின் மறைக்கப்பட்ட பரிமாற்றத்தில் செலவுப் பகுதி) மூன்று வரிசைகளாகப் பிரிந்து வருகிறது. முதல் வரிசைக்கு முன்னால் மட்டும்தான் எண்ணிக்கை இருக்கிறது. ப்ரூஃப் வரிசைக்கும் கையொப்ப வரிசைக்கும் இல்லை. அவற்றுக்கு வரம்பு எப்படி? இரண்டாவது, அட்ரஸ் மெசேஜ்: 30 பைட்டால் வகுத்தால் 69,905 வருகிறது, ஆனால் நெறிமுறை 1,000 என்கிறது. எதை வைப்பது?

---

எல்லைச்சாமி:

வெர்ஷன் 5 சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

வெர்ஷன் 4-இல் ஒரு சாப்ளிங் ஸ்பெண்ட் 384 பைட்: நான்கு 32 பைட் புலங்கள், ப்ரூஃப் 192, கையொப்பம் 64. வெர்ஷன் 5-இல் அந்த நான்கில் ஒன்றான ஆங்கர் எல்லா ஸ்பெண்ட்டுக்கும் பொதுவாகிவிட்டதால் ஒன்றுக்கு 352. அதில் எண்ணிக்கையுடன் வரும் முதல் வரிசையில் 96 பைட் மட்டும். மீதி 192-உம் 64-உம் பின்னால் தனித்தனியாக வரும்.

முதல் வரிசையின் வரம்பை 96-ஆல் வகுத்தால் 20,833. தவறில்லை, ஆனால் வீணாகத் தளர்ந்தது. ஒவ்வொரு முன்பகுதிக்கும் ப்ரூஃபும் கையொப்பமும் கட்டாயம் என்பதால் 352-ஆல் வகுக்கலாம்: 5,681. 384-ஐ இரண்டு வெர்ஷனுக்கும் பொதுவாக வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் வரம்பு 5,208. 5,300 ஸ்பெண்ட் உள்ள வெர்ஷன் 5 டிரான்சாக்ஷன் 18,65,600 பைட்டுடன் பிளாக்குக்குள் அடங்கும், உங்கள் பார்சர் மட்டும் மறுக்கும். பிடிசிடிக்கு நடந்ததேதான் உங்களுக்கும். ஒரே மெமரி ஸ்ட்ரக்ட் பல வெர்ஷன்களிலிருந்து வந்தால் அவற்றில் சிறிய அளவையே வகுக்கும் எண்ணாக எடுங்கள், அல்லது வெர்ஷனுக்கு ஒரு வகை வையுங்கள்.

எண்ணிக்கை இல்லாத வரிசைகளுக்கு ஸீப்ராவில் எண்ணிக்கையை வெளியிலிருந்து வாங்கும் தனி ஃபங்ஷன் உண்டு. அது வாங்கிய எண்ணையும் அந்த வகையின் வரம்போடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஒதுக்கும். முதல் வரிசையில் ஏற்கெனவே சரிபார்த்தாயிற்றே என்று இதை விட்டுவிட வேண்டாம். நாளை யாராவது அந்த ஃபங்ஷனை வேறு இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். டெஸ்டில் 5,682 என்ற எண்ணை நேரடியாகக் கொடுத்து, ஒதுக்காமல் பிழை வருகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒருமித்த விதி (எல்லா நோடும் ஒரேமாதிரி பின்பற்ற வேண்டியது) ஒன்றும் குறுக்கே வருகிறது: என்யூ5 என்ற ஸீகேஷ் மேம்படுத்தல் முதல் சாப்ளிங் ஸ்பெண்ட், சாப்ளிங் அவுட்புட், ஆர்ச்சர்ட் ஆக்ஷன் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் 65,536-க்குக் கீழே இருக்க வேண்டும். சாப்ளிங் அவுட்புட் 948 பைட், வரம்பு 2,109. ஆக்ஷன் கையொப்பத்தோடு 884, வரம்பு 2,262. எல்லாம் வெகு கீழே என்பதால் வரம்புச் சோதனையிலேயே அந்த விதி தானாக நிறைவேறிவிடுகிறது. ஆனால் "வரம்பு 65,536-க்குக் கீழே" என்பதை கம்பைல் நேர அசெர்ட்டாக எழுதிவையுங்கள். பிளாக் அளவை ஒரு நாள் உயர்த்தினால் கம்பைலரே நிறுத்திக் காட்டும்.

அட்ரஸுக்கு இரண்டில் சிறியது, அதாவது 1,000. அது ஒருமித்த விதி அல்ல. இறுக்கமாக இருந்தால் ஒரு பியரை இழப்பீர்கள், சங்கிலியை அல்ல. அட்ரஸ் வெர்ஷன் 2-இல் உருப்படியின் அளவு மாறும்: குறைந்தபட்சம் 9 பைட், முகவரி மட்டும் 512 பைட் வரை. 9-ஆல் வகுத்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும், அங்கே 1,000 இல்லாமல் சமாளிக்க முடியாது. இன்வென்டரி மெசேஜுக்கு (கையில் என்னென்ன இருக்கிறது என்று அறிவிப்பது) 36-ஆல் வகுத்தால் 58,254; பிட்காயினிலிருந்து வந்த 50,000 வரம்பு அதைவிடச் சிறியது. இன்வென்டரியில் ஆத் டைஜஸ்டோடு வரும் புது வகை 68 பைட், ஆனால் பழைய 36 பைட் வகை இருக்கும்வரை வகுக்கும் எண் 36-தான்.

---

கோர்வாசகன்:

குறைந்தபட்ச அளவு டெஸ்ட்ல ஒரு ஓட்டை. ப்ராப்டெஸ்ட் லைப்ரரி கொடுக்கற தற்செயல் மதிப்புகள்ல ஸ்கிரிப்ட் காலியா இருக்கறது அபூர்வம். "ஒவ்வொண்ணும் குறைந்தபட்சத்துக்குச் சமம் அல்லது மேல"ன்னு ஆயிரம் தடவை பாஸ் ஆகும், ஆனா குறைந்தபட்சம் நீங்க சொன்னதைவிடச் சின்னதுன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஈனம் வேரியன்ட்டுக்கும் மிகச் சிறிய மதிப்பைக் கையால கட்டி, அளவு சரியா அந்த எண்ணேதான்னு பாருங்க. வேரியன்ட் பட்டியலை மேட்ச்ல வைல்ட்கார்டு இல்லாம எழுதுங்க. புது வேரியன்ட் சேர்ந்தா டெஸ்ட் கம்பைல் ஆகாது, நல்லது.

அடுத்து, ஒரு இணைப்புக்கான கணக்கோட நிறுத்தாதீங்க. கோர் இயல்பா 125 இணைப்பு வெச்சுக்கும்; ஒவ்வொண்ணும் 40 லட்சம் பைட் மெசேஜைப் பாதியில நிறுத்தி வெச்சா 50 கோடி பைட். டிகோட் பண்றப்போ வர்ற உச்சம் இதுக்கு மேல. எத்தனை திரெட் ஒரே நேரத்துல டிகோட் பண்ணலாம்ங்கறதை ஒரு செமஃபோர் வெச்சுக் கட்டுப்படுத்தினா, 1.66 கோடியை 125-ஆல பெருக்க வேண்டியதில்ல, திரெட் எண்ணிக்கையால பெருக்கினா போதும்.

---

சங்கிலிக்கண்ணி:

பெரிய வெக்டர் டெஸ்ட்கள் டீபக் பில்டில் மெதுவாக ஓடுகின்றன. ப்ராப்டெஸ்டுக்குள் வைத்திருப்பதால் ஒவ்வொரு கேஸுக்கும் இரண்டு லட்சம் நகல்.

---

ஃபஸ்_பட்டறை:

பெரிய வெக்டருக்கு ப்ராப்டெஸ்ட் வேண்டாம். எண்ணிக்கைக் கணக்கு மதிப்பைப் பொறுத்து மாறாது, கையால கட்டின மிகச் சிறிய மதிப்பை ஒரே தடவை நகலெடுத்தா போதும். மதிப்பு மாற வேண்டிய டெஸ்ட்டுக்கு மட்டும் ப்ராப்டெஸ்ட், அதுலயும் கேஸ் எண்ணிக்கையைச் சூழல் மாறில குறைச்சு, ராத்திரி ஓடற சிஐ-ல மட்டும் ஏத்திக்கங்க. மெமரி உச்ச டெஸ்ட்டை ரிலீஸ் பில்டுலயும் ஒரு தடவை ஓட்டுங்க. ஆப்டிமைசர் பயன்படாத ஒதுக்கீட்டையே சில நேரம் நீக்கிடும், அதனால டிகோட் ஆனதை பிளாக்-பாக்ஸ் ஃபங்ஷனுக்குள்ள போட்டு வைங்க.

---

கோ_குருவி:

டிஸ்க்லயிருந்து படிக்கறதும் இதே டிகோடர் வழியாத்தான் போகுதா? அப்படின்னா வரம்பை மாத்தின அன்னிக்கு ஏற்கெனவே சேமிச்ச பிளாக் எல்லாத்தையும் ஒரு தடவை திரும்பப் படிச்சுப் பாருங்க, ஜெனிசிஸ்லயிருந்து.

---

எல்லைச்சாமி:

அதைச் செய்யும்போது ஒவ்வொரு வகைக்கும் இதுவரை பார்த்த மிகப்பெரிய எண்ணிக்கையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த எண்ணை வரம்பாக வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். டெஸ்டுக்கான நிஜத் தரவாக, அந்த பிளாக்கை அப்படியே டெஸ்ட் வெக்டர் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.